ஒன்பது ஏக்கர் சுண்ணாம்பு

எங்கள் பேரூராட்சியின் பெயரைச் சொல்லமாட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு கேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்றுக்குத் தெம்பில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போகிறவர்கள், விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் ஓரிடத்தில் அவசரமாக ஜன்னலை மூடுவார்கள். அந்த இடம்தான். மூடிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒன்பது ஏக்கர் குப்பைமேடு. குப்பைமேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. எங்களுக்கு மூடிக்கொள்ள ஜன்னல் போதாது.

2016 மே மாதம் குப்பைமேடு நான்கு நாள் எரிந்தது. அது ஒன்றும் புதிதில்லை. வெயில் காலத்தில் அடியிலிருந்து தானாகப் புகையும், ஒரு நாள் குபீரென்று பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனால் இந்தத் தடவை புகை பைபாஸ் வரைக்கும் போய், நான்கு வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதிவிட்டன. பேப்பரில் வந்தது. பேப்பரில் வந்துவிட்டால் யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தே தீர வேண்டும். பேரூராட்சி புகார் கொடுத்தது, போலீஸ் வந்து என் அண்ணன் கொளஞ்சியைக் கூட்டிக்கொண்டு போனது.

ஏன் அவன்? பத்து நாள் முன்னால் குப்பை டிராக்டரை மறித்து, "ஒரு நாள் இத்த நானே கொளுத்திடுவேன் பாரு" என்று நடுரோட்டில் நின்று கத்தியிருந்தான். கேட்டவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே வாய் நீளம். அண்ணனுடையதைவிட என்னுடையது நீளம், அதைப் பிறகு சொல்கிறேன்.

பதினெட்டு நாள் கழித்து வெளியே வந்தான். கண்டிஷன் பெயில். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அண்ணன் கூலி வேலைக்குப் போகிறவன். மல்லாட்டைச் செடி பிடுங்கவும் கரும்பு வெட்டவும் ஆள் ஏற்றுகிற வண்டி ஆறு மணிக்கே கிளம்பிவிடும். பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு வருகிறவனை யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அண்ணி பொன்னி வேலைக்குப் போனாள், அவன் சமைத்தான். குழம்பில் ஒரு நாள் உப்பு இருக்காது, ஒரு நாள் உப்பு மட்டும்தான் இருக்கும். எல்லோரும் வழித்துச் சாப்பிட்டுவிடுவோம்.

அந்தக் கையெழுத்தை நிறுத்த வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

விழுப்புரத்தில் எங்கள் வக்கீல் ஆரோக்கியராஜ் நல்ல மனிதர். அவரே தலையைச் சொறிந்தார். "தானா பத்திக்கிச்சுன்னு சொல்றீங்க. சாட்சி யாரு?"

"காலனியே சாட்சி சார். வருஷா வருஷம் பாத்துக்கினுதான இருக்கறோம்."

"காலனி பூரா உங்க சொந்தக்காரங்கம்மா. சம்பந்தமில்லாத ஆளு யாராச்சும் சொல்லணும்."

நான் சும்மா இருக்கவில்லை. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் செயற்கைக்கோள் படங்களை வைத்து முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். குப்பை மக்கும்போது அடியில் மீத்தேன் வாயு உண்டாகும். உள்ளே சூடேறி, பிளவு வழியாகக் காற்றும் பட்டால், தீ பிடிக்க யாருடைய தீக்குச்சியும் வேண்டாம். துறையிலிருந்து மீத்தேன் அளக்கிற கருவி ஒன்றைக் கடன் வாங்கி வந்து, குப்பைமேட்டில் நாற்பது இடத்தில் அளந்து, அளவுகளை வரிசையாக எழுதிப் பேரூராட்சி ஆபீஸில் கொடுத்தேன். செயல் அலுவலர் அரங்கநாதன் அதைப் படிக்கவே இல்லை.

"பேரு என்ன போட்டிருக்க? சூர்யகலா. யாரோட தங்கச்சி? கொளஞ்சி தங்கச்சி. அப்புறம் இத்த வெச்சிக்கினு நான் என்னாம்மா பண்றது?" என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, அவர் சொன்னது வக்கீல் சொன்னதோடு ஒத்துப்போகிறதே என்று வந்த கோபம்தான் பெரிது.

அந்த நேரத்தில்தான் லேபில் ஒரு கட்டுரை படித்தேன். அமெரிக்காவில் நிலத்தடிக் கிடங்கு ஒன்றிலிருந்து மாதக்கணக்கில் மீத்தேன் கசிந்ததையும், அதை வயதான ஒரு செயற்கைக்கோள் மேலே இருந்தே பார்த்துவிட்டதையும் எழுதியிருந்தார்கள். நாம் பார்க்கிற படத்தில் மூன்று நிறக் கலவைதான். அந்தச் செயற்கைக்கோளோ வெளிச்சத்தை இருநூறுக்கு மேற்பட்ட நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும், கண்ணுக்குத் தெரியாத நிறங்களும் அதில் சேர்த்தி. சூரிய வெளிச்சம் தரையில் பட்டு மேலே திரும்பும்போது, வழியில் மீத்தேன் இருந்தால் அந்த நிறங்களில் சிலவற்றைத் தின்றுவிடும். எந்த இடத்திலிருந்து வந்த வெளிச்சத்தில் அந்த நிறங்கள் குறைகின்றனவோ, அங்கே வாயு இருக்கிறது. படித்து முடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்தச் செயற்கைக்கோளுக்கு எங்கள் தெருவில் மாமன் மச்சான் யாரும் கிடையாது.

என் வழிகாட்டி ராஜசேகர் சார் முதலில் சிரித்தார். "அது ஊரையே காலி பண்ண வெச்ச லீக்கும்மா. உங்க குப்பைமேடு படத்துல மொத்தமே நாப்பது புள்ளிதான் வரும். தெரியலாம், தெரியாமலும் போகலாம்." ஆனாலும் எங்கள் குப்பைமேட்டைப் படமெடுக்கச் சொல்லி அமெரிக்காவுக்கு விண்ணப்பம் அனுப்பினார். ஒரு மாதம் கழித்துத் தேதி வந்தது. செப்டம்பர் 22, காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம்.

"இதுக்கப்புறம் மழை ஆரம்பிச்சிரும், ஒரே மேகமா இருக்கும். அடுத்த வருஷம் அந்த சேட்டிலைட்டையே நிறுத்தப்போறாங்க. உனக்கு இது ஒரே சான்ஸ். அந்த இடம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். யார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு இருக்காதே."

"சரி சார்" என்றேன். சரி என்று சொன்னவள் நான்தான்.

அடுத்த வாரம் புகார் மனுவின் நகல் கேட்டுப் பேரூராட்சி ஆபீஸுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு அரங்கநாதன் சாப்பாட்டுக்குக் கிளம்பியபடியே, "உங்க அண்ணனப் பத்தி ஊருக்கே தெரியும்மா. படிக்கிற பொண்ணு, படிப்பப் பாரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். அனுமதி கேட்க வேண்டிய அவசியமே இல்லை, வானத்துக்கு யாரும் வேலி போடவில்லை. ஆனாலும் எழுதினேன். இன்ன தேதி, இத்தனை மணி, இத்தனை நிமிடத்துக்கு, எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் தங்கள் குப்பைக் கிடங்கைப் படம் எடுக்கப்போகிறது. அப்போது எதையும் மறைக்க இயலாது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இப்படிக்கு, சூர்யகலா.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்த அன்று வயிறு குளிர்ந்தது. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும், கல்யாண மண்டபத்துக்கு எம்.எல்.ஏ. வந்தாலும், ரோட்டின் இரண்டு ஓரமும் சுண்ணாம்புத் தூளையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து கோடு போட்டுவிடுவார்கள். சாக்கடையை அள்ளமாட்டார்கள், சாக்கடை ஓரமாகக் கோடு போடுவார்கள். குழியை மூடமாட்டார்கள், குழியைச் சுற்றி வட்டம் போடுவார்கள். யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்றெல்லாம் யோசிப்பதில்லை. தேதியும் நேரமும் சொன்னால் போதும், வெள்ளை அடித்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். தேதியும் நேரமும் எழுதி அனுப்பும்போது இது என் மண்டையில் ஏறவில்லை.

படம் எடுக்கிற அதே நேரத்தில் தரையிலும் அளக்க வேண்டும் என்று, செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, கருவியைச் சரிபார்த்து வாங்கி வரச் சென்னைக்குப் போனேன். இருபதாம் தேதி சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். குரலில் மூன்று மாதமாக இல்லாத தெம்பு.

"கலா, வேலை கெடச்சிருக்குது. மூணு நாளு. கையெழுத்து போட்டுட்டே வாடான்னாரு மேஸ்திரி."

"என்னா வேலைண்ணா?"

"நீ வா, சொல்றேன்" என்று சிரித்தான். பின்னால் டிராக்டர் சத்தம். லைன் கட்டாகிவிட்டது. எனக்கும் அவசரம், திரும்பக் கூப்பிடவில்லை.

இருபத்திரண்டாம் தேதி விடியற்காலையில் திண்டிவனத்தில் இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, ஏழேகாலுக்கு எங்கள் ஸ்டாப்பில் இறங்கினேன். மேகம் துளிகூட இல்லை. நல்ல நாள் என்று நினைத்தபடியே திரும்பினேன்.

குப்பைமேடு வெள்ளையாக இருந்தது.

ஓரம் மட்டும் இல்லை, ஒன்பது ஏக்கரும். ஜேசிபி வைத்து மேட்டைத் தட்டி, கிராவல் கொட்டிப் பரப்பி, அதன் மேல் பொங்கலுக்குக் கூரை முதல் தரை வரை வெள்ளையடித்த வீட்டைப்போலச் சுண்ணாம்பு. கிடங்கு வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள் புதுக் கையுறையும் முகமூடியும் போட்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், கஞ்சி போட்ட சட்டையில் அரங்கநாதன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"வாம்மா, வா. எந்தப் பக்கத்துல இருந்து வருது?"

"யாரு சார் இத்தயெல்லாம் மூடச் சொன்னது?"

"நீதானம்மா லெட்டர் போட்ட? டேட்டு, டைம் எல்லாம் நீட்டா எழுதியிருந்த. மூணு நாள்ல வேலைய முடிக்கறதுக்குள்ள ஒரே பேஜாராப் போச்சு. வெளியில இருந்து கூலியாளெல்லாம் புடிச்சி, ஏழு மணிக்குத்தான் எல்லாரையும் அனுப்பி வெச்சேன். மேல இருந்து பாக்கறப்ப கண்டவனும் நின்னுக்கினு இருந்தா அசிங்கமா இருக்கும்ல? வடக்கால இருந்தா வருது?"

வடக்கே இருந்துதான் வருகிறது. அதை அவரிடம் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உடனே அவர் பணியாளர்களை வடக்கே பார்த்து நிற்க வைத்தார். நான் கருவியை எடுத்துக்கொண்டு மேட்டின் மேல் ஓடினேன். பூஜ்யம். இன்னும் பத்தடி தள்ளிப் பூஜ்யம். கிராவலுக்கு அடியில் வாயு அடைபட்டுக் கிடந்தது. செருப்பு முழுக்க வெள்ளை. ஓர் இடத்தில் விரல் நுழைகிற வெடிப்பு இருந்தது, அங்கே மட்டும் கருவி இரண்டு தடவை கத்திவிட்டு நின்றது. மணி எட்டு பன்னிரண்டு ஆனது. வானத்தில் ஒரு காக்கா போனது.

"வந்துச்சா?" என்று கீழே இருந்து கேட்டார்.

"போயிடுச்சு சார்."

"படம் வந்தா நமக்கும் ஒரு காப்பி குடும்மா. ஆபீஸ்ல மாட்டலாம்."

அழுகை வந்தது. அவர் எதிரில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், எதிரே வந்த சென்னை பஸ்ஸைக் கைகாட்டி ஏறிவிட்டேன். மதியம் அண்ணன் போன் செய்து, "வந்துட்டு வூட்டுக்கு வராமயே போய்ட்டியாமே?" என்றான். தலைவலி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

படம் வர பன்னிரண்டு நாள் ஆனது. எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லாமல்தான் திறந்தேன். மண்ணுக்கு அடியில் இருப்பதை யார் பார்க்க முடியும்? கணக்குகளை ஓட்டி, மீத்தேன் தின்கிற நிறங்களை மட்டும் தனியாகப் பிரித்து, குறைவு அதிகமான இடத்துக்குச் சிவப்பு வைத்தேன். திரையில் எங்கள் குப்பைமேடு செக்கச்செவேல் என்று வந்தது. நாற்பது புள்ளியில் முப்பத்தெட்டு சிவப்பு. எங்கள் தெருவை ஒட்டிய ஓரத்தில் மூன்று புள்ளிகள் கருஞ்சிவப்பு.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கிராவலையும் மீறி வாயு வந்திருக்கிறது, அவ்வளவு வாயு! உடனே கலர் பிரின்ட் ஒன்று எடுத்தேன். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"தெரியுதுண்ணா! பளிச்சுனு தெரியுது!"

"நெஜமாவா?" என்றான். பிறகு போனை மூடாமலேயே, "பொன்னி, தெரியுதாம்!" என்று கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் ராஜசேகர் சார் படத்தை வெகு நேரம் பார்த்தார். குப்பைமேட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, தனியாக நிற்கிற இரண்டு சிவப்புப் புள்ளிகள்மேல் விரலை வைத்தார்.

"இது என்ன இடம்?"

"பேரூராட்சி ஆபீஸ் மைதானம் சார்."

"அங்கேயும் மீத்தேன் வருதா?"

லாரியில் வந்த சுண்ணாம்பை முதலில் அங்கேதான் கொட்டியிருந்தார்கள். மைதானம் முழுக்க வெள்ளையாக இருந்ததை அன்றைக்குத் திரும்பும்போது நானே பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன். நானே சொல்லட்டும் என்று சார் காத்திருந்தார். மீத்தேன் தின்கிற நிறங்களுக்குப் பக்கத்து நிறங்களைச் சுண்ணாம்பும் தின்னும். முதல் வருஷப் பாடம் அது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

"வாயுவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இவ்வளவு சுண்ணாம்புக்கு நடுவுல அதைப் பிரிச்சு எடுக்க இந்தப் படத்தால முடியாது. விட்டுடும்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

வக்கீலுக்கும் போனில் சொன்னேன். "அந்தப் படத்த யார்கிட்டயும் காட்டாதம்மா. பேரூராட்சிக்காரங்க கேட்டு வாங்கினாங்கன்னா அவங்களுக்குத்தான் சாதகம். எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கறோம்னு கோர்ட்டுல காட்டுவாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் நான்கு விதமாகப் பழகிக்கொண்டு போனேன். அண்ணன் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கேப்பைக்களியும் கிண்டி வைத்திருந்தான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "படம் எங்க?" என்றான். பையில் அந்தப் பிரின்ட் இருந்தது. வேண்டாம் என்று நினைத்தபடியே எடுத்துக் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல நம்ம தெரு எது?"

காட்டினேன்.

"இங்கதான் ரொம்ப செவப்பா இருக்குது." அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அது நான் போட்டது, கலா."

"என்னாது?"

"சுண்ணாம்பு. மத்தவங்கள்லாம் ஏனோதானோன்னு வீசிக்கினு போனாங்க. மேஸ்திரி வேலைக்குக் கூப்புட்டப்பவே சொன்னாரு, உன் தங்கச்சி சேட்டிலைட்டு வருதுடா, மேல இருந்து பளிச்சுனு தெரியணுமாம்னு. அப்ப நம்ம தெருப் பக்கம்தான நல்லா தெரியணும்? எரிஞ்சது அங்கதான? தூவுனா பத்தாதுன்னு கூடையோட கொட்டி, கையாலயே தேச்சி வுட்டேன். மூணு நாளும் அந்த ஓரத்த வேற யாரையும் தொட வுடல."

கைகளை நீட்டினான். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு அரித்துத் தோல் உரிந்திருந்தது. விரலிடுக்கில் இன்னும் ஆறாத புண். அந்தக் கையோடுதான் களி கிண்டியிருக்கிறான். வாசலில் நின்ற அண்ணி, "எண்ணெ தடவுன்னா கேக்க மாட்டேங்குது" என்றாள்.

"நான் போட்டது தெரியுதா, கலா?" என்று மறுபடியும் கேட்டான்.

பஸ்ஸில் பழகிய நான்கில் ஒன்றுகூட வரவில்லை. ஊருக்கே வாய் காட்டுகிறவள், செயல் அலுவலருக்கு லெட்டர் போட்டவள், அண்ணன் எதிரில் நாக்கு ஒட்டி நின்றேன். அவன்மேல் கோபம் வரவில்லை. தேதியும் மணியும் நிமிடமும் எழுதிக் கொடுத்தவள்மேல்தான் வந்தது.

"தெரியுதுண்ணா" என்றேன். "அதுல நீ போட்டதுதான் எல்லாத்தவிட நல்லா தெரியுது."

அவன் சிரித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், ஒன்பதேகால். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். "வந்து சாப்புடலாம், ரெண்டு பேரும் ஒண்ணா. இத்த எடுத்துக்கினு போவட்டுமா? ஏட்டையாகிட்ட காட்டறேன். அவரு தெனமும் கேக்கறாரு, என்னாடா உன் தங்கச்சி படம் வந்துச்சான்னு."

யாரிடமும் காட்டாதே என்று வக்கீல் சொன்னது காதிலேயே இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான், ஏன் என்று கேட்டால் சொல்லியாக வேண்டும்.

"எடுத்துக்கினு போண்ணா" என்றேன்.

மடித்தால் கோடு விழும் என்று மடிக்கவில்லை. தோல் உரிந்த இரண்டு கையாலும் அதை முன்னால் பிடித்துக்கொண்டு, பத்து மணிக் கையெழுத்துக்காகப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.